பட்டாணிக்கு ஒரு சான்ஸ் குடுங்கப்பா

லண்டனுக்கு மேக்கால ஹாரோ, ஹேய்ஸ், ஸ்லவ் பக்கம் வீடு எடுத்து, வாட்ஃபோர்டுக்கோ அதுக்கு மேலயோ தினம் கார்ல வேலைக்குப் போற நம்மாளுங்க யாரைக் கேட்டாலும் எம்25 ரோட்டைத் திட்டாம பேச்சை ஆரம்பிக்க மாட்டாங்க. லண்டனைச் சுத்தி 188 கிலோமீட்டர், 1986ல வளையத்தை முழுசா முடிச்சாங்க, அன்னிலேர்ந்து ஊர்ந்துகிட்டுதான் இருக்கு. இதுல ஜங்ஷன் 16க்கும் 17க்கும் நடுவுல, ஜெரார்ட்ஸ் கிராஸ் ஊர்கிட்ட, ரோட்டுக்கு மேல குறுக்கால ஒரு பழைய செங்கல் ரயில்வே பாலம் வரும். சால்ஃபான்ட் வயடக்ட்னு பேரு. 1906 வாக்குல கட்டி முடிச்சது, அப்போ கீழ மிஸ்போர்ன்னு ஒரு ஆறுதான், ஆறுன்னு சொன்னா நம்ம ஊர் வாய்க்கால் கோவிச்சுக்கும், அவ்ளோ சின்னது. எண்பதுகள்ல மோட்டார்வே வந்தப்போ பாலத்தை இடிக்காம அந்த வளைவுகளுக்குள்ளயே ரோட்டைப் புகுத்திட்டாங்க.

அந்தப் பாலத்து நெத்தியில பல வருஷமா வெள்ளை பெயிண்ட்ல, ஆளுயர எழுத்துல ஒரு வாசகம் இருந்துச்சு. "கிவ் பீஸ் எ சான்ஸ்."

1969ல ஜான் லெனன் மான்ட்ரியல்ல ஒரு ஹோட்டல் ரூம்ல பெட்ல உக்காந்துகிட்டே ரெக்கார்ட் பண்ணின பாட்டு இருக்கே, அமைதிக்கு ஒரு வாய்ப்பு குடுங்கன்னு, அதேதான். ஆனா பாலத்துல இருந்த ஸ்பெல்லிங் அமைதியோட Peace இல்ல, பட்டாணியோட Peas. காலைல எட்டரை மணிக்கு மீட்டிங் லேட்டாகுதேன்னு ஸ்டியரிங்கைக் கடிச்சுகிட்டு இருக்கிறவன் தலையைத் தூக்கிப் பார்த்தா, பட்டாணிக்கு ஒரு சான்ஸ் குடுங்கன்னு ஒரு பாலம் கெஞ்சுது, எப்படி கோவம் தங்கும்? நான் அந்த ரூட்ல போன காலத்துல பாலம் வரப்போகுதுன்னா வண்டிக்குள்ள இருக்கிற எல்லார் கண்ணும் மேல போயிடும், புதுசா லிஃப்ட் குடுத்த கலீக்கா இருந்தா "இப்ப பாருங்க, இப்ப பாருங்க"ன்னு டூரிஸ்ட் கைடு மாதிரி காட்டுறது வேற.

இது எப்படி அங்க வந்துச்சுன்னு சொல்ற கதைதான் எனக்கு இன்னும் பிடிக்கும். முதல்ல அங்க இருந்தது "பீஸ்" (Peas)ங்கிற ஒரே வார்த்தை. அது ஒரு கிராஃபிட்டிக்காரரோட புனைபேரு, ஊர்ல உள்ள சுவரெல்லாம் தன் பேரை எழுதிட்டுப் போற ஆளு, அவ்ளோதான். அவரை போலீஸ் திரும்பத் திரும்ப புடிச்சுகிட்டே இருந்ததால, பாவம் அவனுக்கும் ஒரு சான்ஸ் குடுங்கப்பான்னு வேற யாரோ வந்து முன்னாடி ஒரு வார்த்தை, பின்னாடி ரெண்டு வார்த்தை சேர்த்துட்டாங்களாம். அதாவது முதல் ஆள் எழுதினதுல ஒரு மண்ணும் இல்ல. ரெண்டாவது ஆள் வந்ததும்தான் அது ஜோக் ஆச்சு.

எனக்கு இந்த ரெண்டாவது ஆள் மேலதான் கண்ணு. பாலத்துலயும் கால்வாய் சுவர்லயும் ஜனங்க வருஷக்கணக்கா ஞாபகம் வச்சிருக்கிற வாசகங்களைத் தோண்டிப் பார்த்தா பாதிக்கு மேல ஒருத்தர் ஆரம்பிச்சு இன்னொருத்தர் முடிச்சதா இருக்கு. சில சமயம் அந்த இன்னொருத்தர் மனுஷனாவே இருக்க மாட்டார், பின்னாடி நிக்கிற ஒரு கட்டடமோ கீழ கிடக்கிற தண்ணியோ கூட அந்த வேலையைப் பார்த்துடும்.

பாலத்து மேல எழுதுறது ஒண்ணும் லேசுப்பட்ட வேலை இல்லன்னும் சொல்லணும். கீழ ஏணி போட முடியாது, லாரி போய்க்கிட்டு இருக்கும். அதனால மேல கைப்பிடிச் சுவர்ல குப்புறப் படுத்து, பாதி உடம்பை வெளிய தொங்கவிட்டு, எழுத்தைத் தலைகீழா எழுதணும். அதுவும் இருட்டுல. ஸ்ப்ரே கேன் காத்துல பறந்துடும்னு நிறைய பேரு வீட்டுக்கு அடிக்கிற சாதா எமல்ஷன் டப்பாவும் நீளக்கம்பு ரோலரும்தான் தூக்கிட்டுப் போறாங்க. முதுகுக்குப் பின்னாடி லண்டன் மேரிலபோன் ஸ்டேஷன்லேர்ந்து பர்மிங்ஹாம் போற டீசல் ட்ரெயின் மணிக்கு 160 கிலோமீட்டர் வரைக்கும் வேகத்துல வந்துட்டுப் போகும். மாட்டினா 1971 வருஷத்து கிரிமினல் டேமேஜ் சட்டம், சேதம் 5,000 பவுண்டைத் தாண்டினா 10 வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். இவ்ளோ ரிஸ்க் எடுத்து மேல ஏறின மனுஷன் தன் பேரை மட்டும் எழுதிட்டு இறங்குறான்னா என்ன சொல்றது, பரீட்சை ஹாலுக்குப் போய் ரோல் நம்பர் மட்டும் எழுதிட்டு வர்ற மாதிரி.

அப்படி ஒருத்தர் 2018 செப்டம்பர்ல வந்தாரு. ஒருநாள் பார்த்தா பட்டாணியைக் காணோம், மேல பெருசா "ஹெல்ச்"னு இருக்கு. இந்த ஹெல்ச் அந்தப் பக்கத்துல தெரிஞ்ச பேருதான், எங்கயாவது எட்டாத இடத்துல பெரிய எழுத்து இருந்தா அநேகமா அதுதான். ஜனங்களுக்கு வந்துச்சு பாருங்க கோவம்! திரும்ப எழுதணும்னு பெட்டிஷன், பேஸ்புக்ல ஒப்பாரி, பேப்பர்ல நியூஸ். அனுமதியில்லாம எழுதின ஒண்ணை அனுமதியில்லாம அழிச்சுட்டாங்கன்னு புகார் சொல்ற ஊர் வேற எங்கயாவது இருக்கா தெரியல. ரயில்வே பாலங்களைப் பார்த்துக்கிற நெட்வொர்க் ரெயில்காரங்க நிலைமை இன்னும் தர்மசங்கடம், நல்லா இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது, போய் திரும்ப எழுதுங்கன்னும் சொல்ல முடியாது, ட்ராக்குல ஏறாதீங்க ஆபத்துன்னு சொல்லி முடிச்சுக்கிட்டாங்க.

கொஞ்ச நாள்ல பார்த்தா அதே பாலத்துல "கிவ் ஹெல்ச் எ பிரேக்". ஹெல்ச்சை விட்டுடுங்கப்பான்னு. யாரு எழுதினாங்களோ அவங்க கையைப் புடிச்சு குலுக்கணும். பழைய ஜோக்கோட உருவத்தை அப்படியே வச்சுக்கிட்டு, அதை அழிச்ச ஆளையே அதுக்குள்ள உக்கார வச்சுட்டாங்க. ஆனாலும் எனக்கு பட்டாணிதான் ஒசத்தி. ஹெல்ச் யாருன்னு தெரிஞ்சாதான் இது சிரிப்பு, பட்டாணிக்கு எந்த முன்கதையும் தேவையில்ல.

இந்த ரெண்டாவது ஆள் கலை நமக்கும் புதுசு இல்ல. "இங்கே எழுதாதீர்கள்"னு சுவர்ல இருந்தா அடியில கரித்துண்டால "நீ மட்டும் எழுதலாமா?"ன்னு ஒரு கை எழுதியிருக்கும். "சிறுநீர் கழிக்காதீர்"ல கடைசில ஒரு துணைக்காலையும் ரெண்டு எழுத்தையும் மட்டும் சுரண்டி "கழிக்க"ன்னு ஆக்கிட்டுப் போறவன் இலக்கணம் தெரிஞ்சவன், சந்தேகமே இல்ல. ஆனா பாலம், கால்வாய்ச் சுவர்னு பெரிய இடம் எதுவும் நம்ம ஊர்ல தனி ஆளுக்குக் கிடைக்கிறதே இல்ல. ஒரு பக்கம் மூலம் பவுத்திரம் டாக்டர், இன்னொரு பக்கம் கட்சி. எலக்ஷன் வர்றதுக்கு எத்தனையோ மாசம் முன்னாடியே வெள்ளையடிச்சு, ஓரத்துல கட்சி பேரையும் எந்த வருஷம் வரைக்கும்னும் போட்டு சுவரை ரிசர்வ் பண்ணி வச்சுடுவாங்க, பஸ்ல துண்டு போட்டா கூட எடுத்துட்டு உக்காந்துடலாம், ரிசர்வ் பண்ணின சுவர்ல கை வச்சா அடிதடி. பொது இடத்தை அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு தமிழ்நாட்டுல 1959லயே சட்டம் இருக்கு, சுவருக்குத்தான் அது தெரியாது. அந்த எழுத்துக்களோட அழகு வேற விஷயம், பென்சில் கோடு கூட போடாம ஒரே இழுப்புல "வாக்களிப்பீர்" எழுதுற பெயிண்டர்கள் இருந்தாங்க, அதுக்குத் தனியா ஒரு பதிவே போடணும். ஆனா சிரிப்பு வந்த கட்சிச் சுவர் ஒண்ணு கூட எனக்கு ஞாபகம் வரல. சிரிக்க வைக்கணும்னு எழுதாம சிரிப்பு வந்தது நிறைய இருக்கு.

சரி, கால்வாய்க்கு வருவோம். லண்டன்ல ரீஜன்ட்ஸ் கெனால்னு ஒண்ணு இருக்கு, 1820ல திறந்தது, பேடிங்டன் பக்கத்துல ஆரம்பிச்சு கேம்டன் வழியா லைம்ஹவுஸ்ல தேம்ஸ்கிட்ட போய் முடியும், சுமார் 14 கிலோமீட்டர். ஒரு கரைல நடைபாதை, அந்தக் காலத்துல குதிரை நடந்து படகை இழுத்துட்டுப் போன பாதை. எதிர்க்கரைல பல இடத்துல சுவர் நேரா தண்ணிக்குள்ள இறங்கிடும், நிக்க ஒரு அடி இடம் இருக்காது. கிராஃபிட்டிக்காரங்களுக்கு அந்தச் சுவர்தான் இனிக்கும், ஏன்னா அங்க எழுதிட்டா சுத்தம் பண்றவனும் லேசுல வரமாட்டான், போட்டிக்காரனும் வரமாட்டான்.

1985ல ராப்போங்கிற பதினஞ்சு பதினாறு வயசுப் பையன் கேம்டன்ல அப்படி ஒரு இடத்துல, தண்ணி வழியாத்தான் போக முடியும்ங்கிற சுவர்ல, "ராப்போ இன்க்"னு கலர் கலரா வரைஞ்சான். இடம் எதுன்னா பிரிட்டிஷ் ட்ரான்ஸ்போர்ட் போலீசோட தலைமை ஆபீசுக்குக் கீழ. தைரியம்னா அது தைரியம். அது 24 வருஷம் இருந்துச்சு. லண்டன்ல மிச்சம் இருக்கிறதுலயே பழசு அதுதான்னு பேசுற அளவுக்கு ஆயிடுச்சு, ராப்போவும் வளந்து, இந்த வேலையெல்லாம் விட்டுட்டு இருந்தாரு.

2009 டிசம்பர்ல பேங்ஸி வந்தாரு. ஆமா, அதே பேங்ஸிதான், முகம் காட்டாம சுவர்ல வரைஞ்சுட்டுப் போற ஓவியர், ஏலத்துல லட்சக்கணக்குல போறாரே அவரு. ராப்போவோட ஓவியத்துல பெரும்பகுதியை மறைச்சு அடிச்சுட்டு, மிச்சத்தை ஒரு வால்பேப்பர் மாதிரி ஆக்கி, ஒரு வேலைக்காரன் அந்த வால்பேப்பரை சுவர்ல ஒட்டுற மாதிரி ஸ்டென்சில் வரைஞ்சாரு. ஐடியா நல்ல ஐடியாதான், ஒத்துக்கணும். ஆனா சீனியர் வீட்டுத் திண்ணைல ஏறி உக்காந்தாச்சு.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலைல, ஊரே வான்கோழி அடுப்புல வச்சிட்டு இருக்கிற நேரத்துல, ராப்போ வெட்சூட் மாட்டிக்கிட்டு ஒரு காத்தடைச்ச மெத்தைல படுத்து கால்வாயைக் கடந்து போயிருக்காரு. போய், அந்த வேலைக்காரன் உருவத்தை அழிக்கவே இல்ல. அவன் கை இருக்கிற இடத்துல வெள்ளி கலர்ல "கிங் ராப்போ"ன்னு எழுதினாரு. இப்போ பார்த்தா பேங்ஸியோட ஆளே ராப்போவுக்கு பெயிண்ட் அடிச்சுகிட்டு இருக்கான்! இதுக்கு மேல ஒரு பதில் உண்டா? உண்டு. மூணு நாள்ல "கிங்"குக்கு முன்னாடி மூணு எழுத்து கூடுதலா வந்துச்சு, இங்கிலீஷ் தெரிஞ்சவங்க சேர்த்துப் படிச்சுக்கோங்க, குடும்பத்தோட படிக்கிற பதிவு இது.

அப்புறம் ரெண்டு வருஷம் சுவர் ஓயல. ராப்போ ஆளுங்க லண்டன்ல இருந்த மத்த பேங்ஸி படங்களையும் தேடித் தேடி மாத்தினாங்க, இந்த சுவர்லயே ஒரு கட்டத்துல கார்ட்டூன் பூனை ஒண்ணு கல்லறை மேல சாஞ்சு நிக்க, கல்லுல பேங்ஸியோட கரியருக்கு ஆத்ம சாந்தி. அப்பா இங்க வந்திருந்தப்போ இந்தக் கதையைச் சொல்லித்தான் கால்வாய் ஓரமா கூட்டிட்டுப் போனேன். அவரு நெடுஞ்சாலைத் துறைல இருந்து ரிட்டயர் ஆனவரு, வாழ்நாள் பூரா பாலத்துல எழுதுறவனைத் திட்டியே பழகினவரு. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு எதிர்ச்சுவரையே பார்த்தாரு. "எப்படிடா அங்க போனான், பரிசல்லயா?" மெத்தைல படுத்துப் போனாருப்பான்னேன். "டிசம்பர் மாசத் தண்ணிலயா?" ஆமான்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சளி புடிச்சிருக்குமேடா." மனுஷன் அதுக்கு மேல அதைக் கிறுக்கல்னு சொல்லல.

இந்தச் சண்டை முடிஞ்ச விதம்தான் கஷ்டம். 2011 ஏப்ரல்ல ராப்போ கீழ விழுந்து தலைல அடிபட்டு கோமாவுக்குப் போயிட்டாரு. அந்த நவம்பர்ல பேங்ஸி அதே சுவர்ல 1985 ஓவியத்தைக் கறுப்பு வெள்ளைல திரும்ப வரைஞ்சாரு, மேல ஒரு கிரீடம், ஒரு ஸ்ப்ரே கேன், கேன் வாய்ல மெழுகுவத்தி மாதிரி ஒரு சுடர். ராப்போ தேறவே இல்ல, 2014 ஜூலை கடைசில போயிட்டாரு. கடைசி வார்த்தை எதிராளிக்கே போச்சு, ஆனா அந்த எதிராளி அதை அவரு பேருக்கே எழுதிட்டாரு.

அதே 2009 டிசம்பர்ல, அதே கால்வாய்ல பேங்ஸி இன்னொண்ணும் எழுதினாரு, கோபன்ஹேகன்ல பருவநிலை மாநாடு சொதப்பி முடிஞ்ச கையோட. சிவப்புல "எனக்கு குளோபல் வார்மிங்ல நம்பிக்கை இல்ல"ன்னு ஒரு வாக்கியம், கடைசி வரி பாதி தண்ணிக்குள்ள முழுகிப் போயிருக்கும். என்னைக் கேட்டா பேங்ஸி செஞ்சதுலயே இதுதான் சிக்கனம், ஒரு படம் கிடையாது, ஒரு எலி கிடையாது, மிச்ச வேலை பூரா தண்ணியே பார்த்துக்கிச்சு. இதுல ஒரு குசும்பு, கால்வாய் தண்ணி ஆறு கடல் மாதிரி கூடிக் குறையாது, லாக் கதவும் உபரித்தண்ணி வழியிற மதகும் வச்சு ஒரே மட்டத்துல நிறுத்தி வச்சிருப்பாங்க. உலகமே முழுகினாலும் அந்த வரி அதே அளவுக்குத்தான் முழுகி நிக்கும். எஞ்சினியர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம்தான் கண்ல படும், மன்னிச்சுடுங்க. ராப்போ கோஷ்டி இதையும் விட்டு வைக்கல, எனக்கு யுத்தத்துல நம்பிக்கை இல்லைன்னு மாத்தி, இனிமே ரொம்ப லேட்டு தம்பின்னு பதிலும் எழுதிட்டாங்க.

அமெரிக்கால இதே மாதிரி இடமே பாதி ஜோக்கைச் சொன்னது வாஷிங்டனைச் சுத்தி ஓடுற பெல்ட்வே ரோட்டுல. மேரிலாண்ட்ல கென்சிங்டன் பக்கம் ரோடு வளையும்போது மார்மன்கள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவோட கோயில் வெள்ளை வெளேர்னு, தங்கக் கோபுரங்களோட மரத்துக்கு மேல எழும்பி நிக்கும், 1974ல கட்டி முடிச்சது. பார்த்தா 1939ல வந்த விசார்ட் ஆஃப் ஆஸ் படத்துல வர்ற மாய நகரம் மாதிரியே இருக்கும். அதுக்கு முன்னாடி ஒரு ரயில்வே பாலம். அதுல "சரண்டர் டோரதி"ன்னு எழுதிட்டாங்க, டோரதி, சரணடைஞ்சுடுன்னு படத்துல கதாநாயகியை மிரட்டி சூனியக்காரி வானத்துல புகையால எழுதுற வார்த்தை. முதல்ல செஞ்சது பெயிண்ட் கூட இல்ல, கான்வென்ட் ஸ்கூல் பொண்ணுங்க சிலபேர் நியூஸ் பேப்பரைக் கசக்கி பாலத்துக் கம்பி வலை ஓட்டைகள்ல சொருகி எழுத்து ஆக்கினதாம், அப்புறம்தான் யாரோ பெயிண்ட்ல எழுதினாங்க, அழிக்க அழிக்க மறுபடி வந்துச்சு. ரெண்டே வார்த்தை. அந்தக் கோயில் இல்லாத வேற எந்தப் பாலத்துல எழுதியிருந்தாலும் ஒருத்தனும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ரெண்டாவது ஆள் சேர்த்த கதை. எடுத்த கதை ஒண்ணு இருக்கு, திரும்ப இங்கிலாந்துல, ஷெஃபீல்டுல. அந்த ஊர் ஸ்டேஷன்ல இறங்கி பின்னாடி பார்த்தீங்கன்னா மேட்டு மேல பார்க் ஹில்னு ஒரு பிரம்மாண்ட கான்கிரீட் குடியிருப்பு, 1957லேர்ந்து 61 வரைக்கும் கட்டினது, நம்ம ஹவுசிங் போர்டு பிளாக்குகளை வரிசையா ஒட்டி வச்ச தினுசு. பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவுல ஆகாசத்துல நடைபாலம். 2001ல ஒரு பையன் அதுல உசரமா ஒரு பாலத்துல தொங்கிக்கிட்டு, தன் காதலியோட முழுப் பேரையும் எழுதி, ஐ லவ் யூ, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு வெள்ளைல எழுதினான். ஊர் பூராவுக்கும் தெரியும், ட்ரெயின்ல வர்றவனுக்கும் தெரியும். எழுத்து ஒண்ணும் மணியா இல்ல, கோணல் மாணல்தான், தொங்கிக்கிட்டு எழுதினா அப்படித்தான் வரும்.

அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் நடக்கல. அந்தப் பொண்ணு 2007ல கேன்சர்ல போயிடுச்சு. 2011ல கட்டடத்தைப் புதுப்பிச்சு ஃபிளாட்டா விக்க ஆரம்பிச்சப்போ, அந்த எழுத்து மேலயே அதே கோணலோட நியான் லைட் போட்டாங்க. ராத்திரில ஊருக்கே மின்னுச்சு. டீ-ஷர்ட் வந்துச்சு, பாட்டு வந்துச்சு. ஆனா நியான் போட்டது "ஐ லவ் யூ வில் யூ மேரி மீ"க்கு மட்டும்தான். பேருக்குப் போடல.

எனக்கு இது ஆறவே இல்ல. எழுதினவன் உசுரைப் பணயம் வச்சு முதல்ல எழுதினது அந்தப் பேரைத்தானே. வீட்டுல இதைப் பத்தி பெரிய விவாதமே ஓடிச்சு. பேரைப் போட்டா இல்லாமப் போன பொண்ணோட வீட்டாளுங்க தினம் தினம் அதைப் பார்த்துட்டு எப்படி இருப்பாங்கன்னு யோசிச்சீங்களா, பேரில்லாம இருந்தா யாரு வேணா தன் ஆளோட பேரைப் போட்டு படிச்சுக்கலாம்ல, அதுல என்ன தப்புங்கிறது என் மனைவியோட கட்சி. அப்போ அது கார்டு கடைல விக்கிற வேலன்டைன் கார்டு, பேரு எழுதற இடத்தைக் காலியா விட்டு விப்பான்ல அது, பாலம் எதுக்குன்னு நான் கேட்டேன். "நீங்க எனக்கு கார்டாவது குடுத்திருக்கீங்களா"ன்னு பேச்சு வேற ட்ராக்குக்குப் போயிடுச்சு.